வடமராட்சி கிழக்கில் ஆமை ஏறும் கரைக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலாமை முட்டையிடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். நிலவு நாளாகப் பார்த்து, நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு ரோச் லைற்றோடு இரவு எட்டு மணிக்குக் கரையில் இறங்குவார்கள். பத்து மணிக்குள் அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார்கள். அந்த வெளிச்சத்தைக் கண்டு அலைவாயிலேயே திரும்பிப் போன ஆமை ஒன்று இருந்திருந்தாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஒழுங்கை மாற்ற வேண்டும். முதலில் ஊர் ஆக்கள், பிறகு பகல் நடை, பிறகு விடிகாலைத் தடம். இரவுக் காத்திருப்பு கடைசியில்தான். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததுக்குப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவீர்கள், ஆமைக்கும் தொந்தரவு.

## 1. கரையையும் மாதத்தையும் தெரிவு செய்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் எல்லாக் கரையிலும் ஆமை ஏறாது. காங்கேசன்துறை முதல் பருத்தித்துறை வரையான வடக்குக் கரையில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். மணல் இருக்கும் இடத்திலும் ஆழம் போதாது. முட்டைக் குழி ஏறத்தாழ அரை மீற்றர் ஆழம் போக வேண்டும், கீழே கல் தட்டினால் ஆமை விட்டுவிட்டுப் போய்விடும். காரைநகர் கசூரினாவிலும் வேலணை சாட்டியிலும் மணல் உண்டுதான். ஆனால் கடையும் வெளிச்சமும் சனமும் உள்ள கரையில் இதற்காகக் காத்திருப்பது நேர விரயம்.

நமக்கு வேண்டியது திறந்த கடல், ஆழ மணல், இருட்டு. மூன்றும் சேர்ந்து கிடைப்பது வங்காள விரிகுடாவைப் பார்த்த வடமராட்சி கிழக்குக் கரையில்: மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, உடுத்துறை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு. அதற்குத் தெற்கே சுண்டிக்குளம் வருகிறது. அது 2015 முதல் தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அதன் எல்லைக்குள் இரவில் போய் இருக்க நினைக்க வேண்டாம்.

உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன: பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. இந்தப் பக்கம் புதியவர் கண்ணில் படக்கூடியது பெரும்பாலும் பங்குனி ஆமை. ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கோடு வராதீர்கள்.

மாதம் என்றால் மாசியும் பங்குனியும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் கடல் கரையை அரித்துக்கொண்டே இருக்கும், இறங்கி நடப்பதே ஆபத்து. வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேல் காற்று எழும்பினால் மணல் பறந்து, தடம் ஒரு மணி நேரம்கூட நிலைக்காது.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். இலங்கையைச் சுற்றி வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. இங்கே அட்டவணையைவிட அன்றைய காற்றையும் அலையையும் பார்ப்பதுதான் பயன்.

## 2. முதலில் வாடியில் கதைத்தல்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. வாடி என்பது கடற்றொழிலாளர் கரையில் தங்கும் கொட்டில். கரைவலை இழுக்கிறவர்கள் விடிய முதலே கரையில் நிற்பார்கள். எந்த இடத்தில் மணல் புதிதாகச் சேர்ந்தது, எங்கே நாய் கூட்டமாகத் திரிகிறது, நேற்று எங்கே தடம் கிடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் ஒரு வரி நமக்கு ஒரு வார அலைச்சலை மிச்சமாக்கும்.

ஆனால் போன உடனேயே ஆமையைப் பற்றிக் கேட்காதீர்கள். கடலாமையைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். முன்பின் தெரியாத ஒருவர் வந்து ஆமை கேட்டால், ஒன்றில் திணைக்களத்து ஆள், இல்லையென்றால் முட்டை வாங்க வந்தவர் என்றுதான் எண்ணுவார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: "இங்கை ஒண்டும் வாறேல்லை, தம்பி."

நான் பார்த்தவரை வேலை செய்கிற வழி வேறு. வலை கரைக்கு வரும் நேரம் போய், ஒரு ஓரமாக நின்று, காற்று எப்படி, பாடு (மீன் பட்டது) எப்படி என்று கேளுங்கள். உங்கள் ஊர், பெயர், என்ன வேலை என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். பிறகு, "ஐயா, விடியத் தடம் பார்க்க ஆசை. இந்தப் பக்கம் நடந்தால் ஆருக்கும் இடைஞ்சலோ?" என்று கேளுங்கள். இடைஞ்சல் இல்லை என்றால் எங்கே நடப்பது நல்லது என்பதும் கூடவே வரும். வயதானவரோடு கதைப்பது நல்லது. இளம் பெடியள் உற்சாகத்தில் உங்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மணலுக்குள்ளேயே கொண்டுபோய்விடுவார்கள். அது ஏன் கூடாது என்பது நான்காம் படியில்.

இரவுக்கு வரும் எண்ணம் இருந்தால் இந்தச் சந்திப்பிலேயே சொல்லுங்கள். கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவருக்கும் கிராம அலுவலருக்கும் தெரிந்திருப்பது நல்லது. கரையோரம் கடற்படை ரோந்து உண்டு. இருட்டில் வெளிச்சம் இல்லாமல் குந்தியிருக்கும் நாலு பேரை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை. அருகில் முகாம் இருந்தால் பகலிலேயே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அடையாள அட்டை இல்லாமல் இரவில் இறங்கவே வேண்டாம்.

## 3. கையில் இருக்க வேண்டியவை

மூடிய சப்பாத்து. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. குடாநாட்டின் மணற்பாங்கான கரையோரப் பற்றைகளில் சுருட்டை விரியன் உண்டு. அது இரவில் நடமாடும், மணல் நிறத்திலேயே இருக்கும். செருப்போடு வருகிறவரை நான் கூட்டிக்கொண்டு போவதில்லை.

சிவப்பு வெளிச்சம். ஆமையின் கண்ணுக்கு நீலமும் வெள்ளையும் பளிச்சென்று தெரியும், சிவப்பு மங்கலாகத்தான் படும். சிவப்பு விளக்கு வாங்க முடியாவிட்டால் ரோச் லைற் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளை மூன்று மடிப்பாக ஒட்டுங்கள். ஒரு மடிப்புப் போதாது, வெள்ளை கசியும்.

இருண்ட நிற நீளக் கைச் சட்டை, நுளம்புக்கு ஏதாவது, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு அளவுநாடா, குப்பைக்கு ஒரு பை. சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டு வாருங்கள். கருவாட்டுப் பொரியலைக் கரையில் பிரித்தால் பாதி ஊர் நாயும் உங்களோடுதான் இருக்கும்.

பாம்பு கடித்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மந்திகையில் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்பதைப் பகலிலேயே கணக்குப் பாருங்கள். வெற்றிலைக்கேணியில் நிற்பவருக்கும் மணற்காட்டில் நிற்பவருக்கும் அந்தக் கணக்கு ஒன்றல்ல.

## 4. பகலில் ஒருமுறை நடத்தல்

வெயில் தாழ்ந்த பின்னேரம் ஒரு நாலு மணிக்கு, இரவில் இருக்கப்போகும் துண்டு முழுவதையும் நடந்து பாருங்கள். வள்ளம் கட்டிய கயிறு, நங்கூரம், உடைந்த வலைக் குவியல், மண் அரித்த மேடு எல்லாவற்றையும் மனதில் பதிய வையுங்கள். வெளிச்சம் இல்லாமல் நடக்க வேண்டியவர் நீங்கள். கயிற்றில் தடக்கி விழுகிறவர் முதலில் செய்வது வெள்ளை லைற்றைப் போடுவதுதான்.

மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை எங்கே கண்டாலும் அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டு எதையும் உதைக்கவோ தூக்கவோ வேண்டாம். போர் நடந்த நிலம் இது, மழை வெள்ளம் பழைய வெடிபொருளை மேலே கொண்டுவரலாம்.

வாகனத்தைத் தார் றோட்டில் அல்லது ஊருக்குள் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். சில்லு போன இடத்தில் மணல் இறுகும். கீழே முட்டை இருந்தால் குஞ்சுக்கு மேலே வர வழி அடைபடும். மேலே வந்த குஞ்சுக்கும் சில்லுத் தடம் ஒரு பள்ளம். அதற்குள் விழுந்தால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டுப் பள்ளத்தோடேயே ஓடும், விடிந்ததும் காகத்துக்கு இரை.

நடக்கும்போது அடம்பன் கொடி எங்கே தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். அலை கடைசியாகத் தொட்ட கோட்டுக்கும் அந்தக் கொடிக்கும் இடைப்பட்ட மணல்தான் ஆமைக்குப் பிடித்த இடம். கொடிக்குள்ளும் சில வேளை ஏறும். அந்தப் பட்டியில் கூடாரம் அடிப்பது, கிடங்கு தோண்டுவது, நெருப்பு மூட்டுவது எதுவும் வேண்டாம்.

## 5. விடிகாலைத் தடம்

என்னைக் கேட்டால் முதல்முறை வருகிறவர் இந்தப் படியோடு திரும்பினாலே போதும். ஆமைக்குத் தொந்தரவு இல்லை, நித்திரை கெட வேண்டியதில்லை, கற்றுக்கொள்ள இரவைவிட அதிகம் இருக்கிறது.

அதிகாலை ஐந்தரைக்குக் கரையில் நில்லுங்கள். சூரியன் கடலிலிருந்து எழும்பும் கரை இது. சாய்ந்த வெயிலில் மணலின் ஒவ்வொரு வரம்புக்கும் நிழல் விழும், மெல்லிய தடமும் தெளிவாகத் தெரியும். எட்டு மணிக்குப் பிறகு அதே தடத்தின் மேலே நடந்து போனாலும் தெரியாது. பங்குனி ஆமை பாரம் குறைந்தது, ஆழமாகக் கீறாது.

முதல் குழப்பம் உழவு இயந்திரத் தடம். கரைவலையை இப்போது பல இடங்களில் இயந்திரத்தால் இழுக்கிறார்கள். அதன் பெரிய சில்லின் சாய்வு வரிகள் புதியவருக்கு அப்படியே ஆமைத் தடம்தான். அவற்றைப் படமெடுத்து எனக்கு அனுப்பாத ஆளே இல்லை. வித்தியாசம் சுலபம். சில்லுத் தடம் இரட்டையாக, பெரும்பாலும் கரையோடு நீளத்துக்குப் போகும். ஆமைத் தடம் கடலிலிருந்து மேட்டுக்கு ஏறி, வளைந்து, மறுபடி கடலுக்கே இறங்கும். வள்ளம் இழுத்த தடம் நடுவில் ஒரே வாய்க்காலாக இருக்கும், இருபக்கமும் ஆமைத் துடுப்பின் அடையாளம் இராது.

ஆமைத்தடம்தான் என்று தெரிந்த பிறகு அகலத்தை அளந்து பாருங்கள். பக்கத்தில் நின்று நாடாவைப் பிடித்தால் போதும், தடத்தை மிதிக்கத் தேவையில்லை. 70 முதல் 80 சென்ரிமீற்றர் அகலமும், இடமும் வலமும் மாறி மாறி விழுந்த துடுப்பு அடையாளமும் இருந்தால் பங்குனி ஆமையாக இருக்கலாம். ஒரு மீற்றரைத் தாண்டி, இரண்டு துடுப்பும் ஒரே நேரத்தில் ஊன்றியதுபோல் நேருக்கு நேர் அடையாளம் இருந்தால் பேராமை. அதே ஒழுங்கில் ஒன்றரை மீற்றருக்கும் மேல் போனால் ஏழுவரி ஆமை. அழுங்காமையும் பெருந்தலை ஆமையும் மாறி மாறித்தான் ஊன்றும். ஆகவே அகலத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்லாதீர்கள்.

எது ஏறிய தடம், எது இறங்கிய தடம்? துடுப்பு மணலைப் பின்னால் தள்ளும். மணல் குவிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் ஆமை போன திசை. இரண்டு தடமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மேலே கிடப்பது இறங்கிய தடம்.

மேட்டில் மணல் கலைந்து, ஈர மணலும் காய்ந்த மணலும் கலந்து ஒரு வட்டம் இருந்தால் முட்டையிட்டிருக்க வாய்ப்பு உண்டு. கலையாமல் வெறும் வளைவாகத் திரும்பியிருந்தால் சும்மா ஏறி இறங்கியிருக்கிறது. ஏதோ ஒன்று பிடிக்கவில்லை, அல்லது யாரோ வெளிச்சம் அடித்திருக்கிறார்கள். அந்த ஆமை அன்றிரவோ அடுத்தடுத்த இரவுகளிலோ மறுபடி ஏறிப் பார்க்கும்.

கூடு இது என்று தெரிந்தால் செய்யக்கூடாதவை:

- தடி குத்திப் பார்ப்பது. முட்டை திருடுகிறவர்கள் செய்வது அதைத்தான். ஒரு முட்டை உடைந்தாலே மணத்துக்கு நாய் வந்துவிடும்.
- அடையாளக் கம்பு நடுவது. நல்ல மனதோடு நடுவீர்கள், அது திருடனுக்கு வழிகாட்டிப் பலகை.
- தோண்டி எடுத்து "பாதுகாப்பான" இடத்தில் புதைப்பது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டத் தொடங்கும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும். சட்டப்படியும் அது அனுமதி பெற்ற ஆட்களின் வேலை.

## 6. இரவுக் காத்திருப்பு

இரண்டு மூன்று விடிகாலைகளில் தடம் கண்ட துண்டில் மட்டும் இருங்கள். நாலு பேருக்கு மேல் வேண்டாம். இருட்ட முன்பே போய், அடம்பன் கொடிக்குப் பின்னால், மேட்டில் இருந்துவிடுங்கள். ஈர மணலில் உலாத்திக்கொண்டே தேடுவதுதான் பொதுவான பிழை. ஆமை அலைவாயில் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்துவிட்டுத்தான் ஏறும். அந்த நேரம் நடமாடும் உருவம் ஒன்று தெரிந்தால் ஏறாது.

சவுக்கு மரங்களுக்குள் போய்ப் படுக்காதீர்கள், விரியனுக்கும் அது பிடித்த இடம். குந்தும் இடத்தைச் சிவப்பு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். நட்சத்திர வெளிச்சமே போதும் என்று அதற்குப் பிறகுதான் நம்புவீர்கள்.

போனை என்ன செய்வது? அணைத்துப் பைக்குள் போடுங்கள். நேரம் பார்க்கிறேன் என்று எடுத்த போனின் திரை, முகத்தையே விளக்காக்கிவிடும். சிகரெட் நெருப்பும் அப்படித்தான். கடலில் இறங்கிக் கால் நனைப்பதும் வேண்டாம். இந்தக் கரையில் நீரோட்டம் இழுக்கும், இருட்டில் யார் போனார் என்றுகூடத் தெரியாது.

நள்ளிரவு வரை ஒன்றும் வராவிட்டால் அது வழமைதான். பல இரவுகள் அப்படித்தான் போகும்.

## 7. ஆமை ஏறிவிட்டால்

அசையாதீர்கள். அவ்வளவுதான் முதல் அரை மணி நேரத்துக்கான வேலை. ஏறும்போதும் இடம் தேடும்போதும் குழி தோண்டும்போதும் அது எளிதில் வெருளும். வெருண்டால் முட்டையோடு கடலுக்குத் திரும்பிவிடும்.

திணைக்கள உத்தியோகத்தரோ பயிற்சி பெற்ற ஒருவரோ கூட இல்லாவிட்டால் 30 மீற்றருக்குக் கிட்டப் போக வேண்டாம் என்பது என் முடிவு. இன்னும் கிட்டப் போகலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. முட்டை விழத் தொடங்கிய பிறகு ஆமை அவ்வளவாகக் கலங்காது என்பதும் உண்மை. ஆனால் முட்டை விழத் தொடங்கிவிட்டதா என்பதைத் தூரத்திலிருந்து சரியாகச் சொல்லப் புதியவரால் முடியாது, பார்க்கக் கிட்டப் போவதுதான் கெடுப்பது.

தூரத்திலிருந்தே நிறையத் தெரியும். பின் துடுப்பைக் கிண்ணமாக வளைத்து, ஒரு பிடி மணலை அள்ளிப் பக்கத்தில் வைத்து, மற்றத் துடுப்பால் அடுத்த பிடியை எடுக்கும். தன் குழியை அது ஒருமுறையும் திரும்பிப் பார்க்காது. பங்குனி ஆமை நூறு முட்டைக்கு மேலே இடும். மூடிய பிறகு உடம்பை இடமும் வலமும் ஆட்டி மணலை அடித்து இறுக்கும். காற்று இல்லாத இரவில் அந்தத் தொம் தொம் சத்தம் உங்கள் இடத்துக்கே கேட்கும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேராமை என்றால் மணலை நாலு பக்கமும் எறிந்து இரண்டு மணி நேரம் வரை எடுக்கும்.

கண்ணில் நீர் வழிவதைப் படங்களில் பார்த்தவர்கள், வலியில் அழுகிறது என்பார்கள். உடலில் சேர்ந்த உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது நடந்துகொண்டுதான் இருக்கும்.

இறங்கிப் போகும்போது அதற்கும் கடலுக்கும் நடுவே நிற்காதீர்கள், படமெடுக்க முன்னால் ஓடாதீர்கள். பிளாஷ் எந்த நேரத்திலும் வேண்டாம். படம் ஏதாவது கிடைத்திருந்தால் இடத்தின் பெயரைப் போட்டு முகநூலில் ஏற்றாதீர்கள். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் எடுக்கும். அவ்வளவு நாளும் அந்தப் பதிவை எவரும் வாசிக்கலாம்.

## 8. குஞ்சுகள்

பங்குனி பிற்பகுதியிலிருந்து குஞ்சு வரும் வாய்ப்பு உண்டு. மணல் குளிர்ந்த பிறகு, இரவில், கூட்டமாக வரும். வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துத்தான் ஓடும். இயல்பான கரையில் அது கடல். நீங்கள் லைற் போட்டால் அது நீங்கள்.

தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடாதீர்கள். வாளியில் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டுபோவது அதைவிட மோசம். வயிற்றில் மிச்சமாக உள்ள மஞ்சட்கருவின் பலத்தில்தான் முதல் ஒன்றிரண்டு நாள் இடைவிடாமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போகும். அந்தப் பலம் வாளிக்குள் கரைந்துபோகும்.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். எல்லா வெளிச்சத்தையும் அணையுங்கள், இருக்கிற இடத்திலேயே நில்லுங்கள், நாய் வந்தால் துரத்துங்கள். கால் வைக்கும் முன் நிலத்தைப் பாருங்கள். கடைசிக் குஞ்சு போன பிறகு நீங்கள் நடந்து வந்த ஆழமான கால்தடங்களைக் கையால் நிரவிவிட்டு வாருங்கள், பிந்தி வருகிறவையும் இருக்கும்.

## 9. ஒதுங்கிய ஆமையைக் கண்டால்

வலையில் சிக்கி மூச்சடைத்த ஆமை செத்ததுபோலவே கிடக்கும். பார்த்தவர்கள் இரக்கப்பட்டு உடனே கடலுக்குள் தள்ளிவிடுவார்கள். அறிவில்லாமல் கிடக்கும் ஆமை தண்ணீருக்குள் மூழ்கித்தான் போகும். நிழலில் விட்டு, ஈரச் சாக்கால் முதுகை மூடி, மூக்கை மூடாமல் விட்டு, தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி பின்பக்கத்தை உயர்த்தி வைத்துவிட்டு அறிவியுங்கள். வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள், அது கவ்வினால் விரல் மிஞ்சாது. மல்லாத்திப் போடவும் வேண்டாம்.

செத்துப்போனது என்றால் தொடாமல் படமெடுங்கள்: முதுகு ஓடு தெரிய மேலிருந்து ஒன்று, தலை பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் அளவுநாடாவை விரித்து வைத்து ஒன்று. முன் துடுப்பில் உலோகத் தகடு இருந்தால் அதில் உள்ள எழுத்தையும் இலக்கத்தையும் தனியாக எடுங்கள், தகட்டைக் கழற்ற வேண்டாம். ஓட்டையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதை வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். இறைச்சியாக்கலாமே என்று பக்கத்தில் யாராவது கதை தொடங்கினால், அழுங்காமை இறைச்சி ஆளைக் கொல்லும் அளவுக்கு நஞ்சாகலாம் என்பதைச் சொல்லிவையுங்கள். சட்டத்தைவிட அது வேகமாக ஏறும்.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. அழைக்கும்போது ஊரின் பெயர், பக்கத்துத் தேவாலயம் அல்லது கோயில், கரையில் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம், உயிரோடு இருக்கிறதா, கண்ட நேரம் எத்தனை மணி என்பவற்றைச் சொல்லுங்கள். "மணற்காட்டுப் பக்கம்" என்று மட்டும் சொன்னால் வருகிறவர் கிலோமீற்றர் கணக்கில் மணலில் நடக்க வேண்டியிருக்கும். போனில் இடக்குறியீட்டை எடுத்து வைத்திருந்து, கேட்டால் அனுப்புங்கள். அவர்கள் வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், நாய்களும் காகங்களும் காத்திருக்காது.